கொப்பரைக் களத்து நாயும் குறையாத கொலஸ்ட்ராலும்

பின்னணி

காங்கேயத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ஒரு தேங்காய்க் களம் கண்ணில் படும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் தேங்காயை உரித்து, இரண்டாக உடைத்து, சிமெண்டுக் களத்தில் வாய் மேலே பார்க்கப் பரப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டதும் பருப்பு சுருங்கித் தொட்டியை (சிரட்டையை) விட்டு விலகும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பெயர்த்தெடுப்பார்கள். மேலும் சில நாள் காய்ந்தால் அதுதான் கொப்பரை. இந்தப் பக்கத்து வியாபாரிகள் வாயில் வெறும் ‘பருப்பு’. நன்றாகக் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு களத்தில் வளர்ந்த லாப்ரடார் நாயைப் பற்றியது இந்தக் குறிப்பு. நான் இந்த வட்டாரத்தில் தனியாக மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர். குடும்பத்தாரின் அனுமதியோடு எழுதுகிறேன்; அவர்களை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை. நாயை மணி என்று வைத்துக்கொள்வோம். ஆண் நாய், அப்போது ஆறு வயது. களத்துக்காரரின் கோவையில் படிக்கும் மகள் குட்டியாகக் கொண்டுவந்து விட்டது. களத்துக்காரர் ஐம்பதைக் கடந்தவர்; களத்தோடு சேர்த்துச் சில்லறைக்கு எண்ணெய்க் கடையும் வைத்திருக்கிறார். மணிக்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, திட்டுவது எல்லாம் அவருடைய தாயார். அவரை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நான் அம்மிணி.

முதல் வருகை: மார்கழிக் கடைசி

மணியைக் கூட்டிவந்த காரணம் காது நாற்றம். இரண்டு காதிலும் கறுப்பு மெழுகு அடைத்து, உள்தோல் தடித்திருந்தது. தராசில் ஏற்றினேன்: 36.2 கிலோ. அந்த உடற்கட்டுக்கு 29, 30 கிலோ இருந்தால் போதும். வாலின் மேற்பகுதியில் முடி கொட்டி வழுக்கை தெரிந்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64. மருத்துவரின் மேசைமேல் பதற்றமாக நிற்கும் நாய்க்கு அது குறைவு. அதைக் குறித்துக்கொண்டேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காலையில் பால், மதியம் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய், இரவு கோழித்தோல் போட்ட சோறு. இவற்றுக்கு நடுவே நாள் முழுக்கக் களத்தில் பொறுக்கித் தின்னும் பருப்பு. எவ்வளவு என்று கேட்டபோது களத்துக்காரர் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும் என்று கணக்கிட்டேன்.

அந்தப் பேச்சின் நடுவே ஆத்தா ஒன்று சொன்னார்: “அம்மிணி, இவன் முன்னைப்போல இல்லை. எந்நேரமும் வெயிலில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.” மார்கழி மாதம், யாருக்குத்தான் வெயில் வேண்டாம்? களத்தில் படுத்தால் பக்கத்திலேயே பருப்பு கிடைக்கிறது, அதனால் படுக்கிறான் என்று நானே அவருக்குப் பதில் சொன்னேன்.

பன்னிரண்டு மணி நேரம் சோறு வைக்காமல் மறுநாள் காலை இரத்தம் எடுத்தேன். கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 568 மில்லிகிராம், இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 212. நாயின் கொலஸ்ட்ரால் பொதுவாக 300-க்குள் இருக்கும். சர்க்கரை, சிறுநீரக அளவுகள் சரியாக இருந்தன. சிவப்பணு சற்றே குறைந்திருந்தது.

எடுத்த முடிவு

பருப்பை அடியோடு நிறுத்தச் சொன்னேன். நெய்யும் கோழித்தோலும் கூடாது என்றேன். தோல் நீக்கிய கோழிக்கறி, சோறு, வேகவைத்த பூசணி அல்லது கேரட் என்று எழுதிக்கொடுத்தேன். அரிசிம்பருப்புச் சாதத்தில் விழும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. ஆகவே அதையும் நிறுத்தினோம். காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தேன்.

இந்த முடிவில் சரியான பங்கும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு நாய்க்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். உயிரையே குடிக்கக்கூடிய நோய் அது. 36 கிலோ நாயிடமிருந்து நாளுக்கு நூறு கிராம் கொப்பரையைப் பிடுங்குவதில் தவறே இல்லை. என் தவறு வேறு. கண்ணுக்கு முன்னால் மலைபோல் கொப்பரை குவிந்து கிடந்ததால், உயர்ந்த கொலஸ்ட்ராலுக்கு வேறு காரணம் தேடாமல் விட்டேன். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. பாதிக்குக் கிட்டே லாரிக் அமிலம். மனிதரின் இரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துவது இந்த வகைக் கொழுப்பு. மனிதர்க்கான அந்தக் கணக்கை அப்படியே நாயின்மேல் எழுதிவிட்டேன்.

எட்டு வாரம் கழித்து

குடும்பம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இரண்டாவது அறிக்கை வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பதுதான். களத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டியிருந்தார்கள். ஆத்தா தன் தட்டிலிருந்துகூட ஒரு பருக்கை போடவில்லை.

கொலஸ்ட்ரால் 521. எடை 35.4.

பல மடங்கு குறைந்த கொழுப்பில் எட்டு வாரம் இருந்த நாயின் அளவு இவ்வளவுதான் இறங்கியது. காது ஒரு பக்கம் ஆறியிருந்தது, மறுபக்கம் மீண்டும் சீழ் கட்டியிருந்தது. இவற்றோடு புதிதாக ஒன்று: முதுகைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடுகு உதிர்ந்தது, முடி வைக்கோல்போல் இருந்தது. அது நான் வரவழைத்தது. நாய்க்கு லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் உணவில் வந்தாக வேண்டும். அதை அதன் உடல் தானே செய்துகொள்ளாது. கொப்பரையில் அது மிகக் குறைவு. கோழித்தோலில் ஓரளவு இருந்தது, அதையும் நான்தான் பிடுங்கியிருந்தேன். கொழுப்பைக் குறைத்தேனே தவிர, எந்தக் கொழுப்பு வேண்டும் என்று எழுதவில்லை. அன்று முதல் சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னேன். பொடுகு அடுத்த இரண்டு மாதத்தில் கணிசமாகக் குறைந்தது.

ஆனால் கொலஸ்ட்ரால் பற்றி, “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அறிக்கையில் தேவையான எல்லாமே இருந்தன.

சித்திரை: களத்தில் கண்டது

அந்த வீட்டுக் கன்றுக்குத் தடுப்பூசி போட சித்திரை முதல் வாரத்தில் களத்துக்கே போயிருந்தேன். மதியம் ஒரு மணி இருக்கும். பருப்பு பெயர்க்கும் பெண்கள் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். களத்தில் கால் வைத்தால் செருப்பையும் தாண்டிச் சுட்டது. ஊர் நாய்கள் இரண்டு வேப்பமரத்தடி ஈரமண்ணைப் பறித்து, வயிற்றை அதில் அழுத்திக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டிருந்தன. மணி மீன்வலைக்கு இந்தப் பக்கம், காலிச் சிமெண்டுத் தரையில், நடு வெயிலில் பக்கவாட்டில் படுத்திருந்தது. மூச்சு இரைக்கவில்லை. பக்கத்தில் ஒரு துண்டுப் பருப்புகூட இல்லை.

கூப்பிட்டேன். தலையை மட்டும் தூக்கியது. நெற்றித்தோல் தடித்துக் கண்ணுக்கு மேல் இறங்கி, எதையோ பறிகொடுத்த முகம்போல் இருந்தது. ஆத்தா மார்கழியில் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்குள் போய்ச் சேர்ந்தது. மெதுவான இதயம், வழுக்கை வால், தீராத காது, சற்றே குறைந்த சிவப்பணு, உணவைக் குறைத்தும் அதிகம் இறங்காத எடை, குளிர் தாங்காத உடம்பு, அதோடு உணவை மாற்றியும் இறங்காத கொலஸ்ட்ரால். இத்தனையும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. பாடப்புத்தகத்தில் நடுவயது லாப்ரடாரின் தைராய்டுக் குறைவு என்று எழுதியிருப்பதை நான் மூன்று மாதமாகத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனையை ஏன் உடனே செய்யவில்லை

மறுநாளே இரத்தம் எடுத்திருக்கலாம். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். இதை வேண்டுமென்றேதான் செய்தேன். உடம்பில் வேறு நோயோ சீழோ இருந்தால், தைராய்டு நன்றாக இருக்கும் நாய்க்கும் டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு குறைந்து காட்டும். கிருமிகளைக் கொல்லக் கொடுக்கும் சல்ஃபா வகை மருந்துகளும் அப்படிக் குறைக்கும். குறைந்த டி4 ஒன்றை மட்டும் வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை எழுதக் கூடாது. முதலில் காதைச் சுத்தமாக ஆற்றினேன். சல்ஃபா எதுவும் கொடுக்கப்படவில்லை என்று மருந்துச் சீட்டுகளைப் பார்த்து உறுதி செய்தேன்.

பிறகு எடுத்த இரத்தத்தில் டி4 டெசிலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம், ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டியது. புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பிணைப்பற்ற டி4 அளவும் குறைவு. தைராய்டைத் தூண்ட மூளையடியிலிருந்து வரும் ஹார்மோனான டி.எஸ்.எச் 1.1, அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 0.6. மூளை தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது, தைராய்டு எழுந்திருக்கவில்லை என்று பொருள். அன்றைய கொலஸ்ட்ரால் 540.

நாயின் கொலஸ்ட்ரால் ஏன் கொப்பரைக்கு அடங்கவில்லை

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க விரும்புகிறேன். கொழுப்பும் கொலஸ்ட்ராலும் பற்றி நாம் கேள்விப்படுகிறவற்றில் பல விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தவை. எந்த விலங்கு என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அனிச்கோவ், சலாடோவ் என்னும் இருவர் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயலின் இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. வெறும் எண்ணெய் மட்டும் தின்ற முயல்களுக்குப் படியவில்லை. முயல் இலை தின்னும் பிராணி. இயற்கையில் அதன் வாய்க்குக் கொலஸ்ட்ரால் வருவதே இல்லை. அதனால் கொடுத்த மாத்திரத்தில் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. எலியில் இந்த முயற்சி எளிதில் பலிக்காது. கூடுதலாக வரும் கொலஸ்ட்ராலை எலியின் ஈரல் பித்த அமிலமாக்கி வெளியே தள்ளிவிடும். எலிக்கு அளவை ஏற்ற வேண்டுமானால் தீவனத்தில் கொலஸ்ட்ராலோடு கோலிக் அமிலம் என்னும் பித்த அமிலத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

நாய் இந்த விஷயத்தில் எலியின் பக்கம். கொலஸ்ட்ராலை இரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்களில் எல்.டி.எல், எச்.டி.எல் என்று வகைகள் உண்டு. மனித இரத்தத்தில் பெரும்பாலும் சுமப்பது எல்.டி.எல், நாயில் எச்.டி.எல். எச்.டி.எல்-இலிருந்து எடுத்து மற்றத் துகள்களுக்கு மாற்றிவிடும் ஒரு புரதம் மனிதனுக்கு உண்டு, நாயின் இரத்தத்தில் அதன் வேலை மிகக் குறைவு. ஆகவே நாய்க்குக் கொழுப்பை அள்ளிக் கொடுத்தால் அளவு ஓரளவு ஏறும், ஏறுவதும் பெரும்பாலும் எச்.டி.எல்-லாகவே இருக்கும். 1946-இல் ஸ்டைனர், கெண்டல் இருவரும் நாயின் இரத்தக்குழாயில் படிவை உண்டாக்கிக் காட்டினார்கள். அதற்குக் கொலஸ்ட்ராலோடு தயோயுராசில் என்னும் மருந்தையும் கொடுத்தார்கள். தயோயுராசில் செய்வது ஒன்றே: தைராய்டை அடக்குவது. தைராய்டு ஹார்மோன் இருந்தால்தான் ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலைப் பிடித்திழுத்துப் பித்தநீர் வழியாகக் கழிக்கும். அது குறைந்தால் உணவு எதுவானாலும் இரத்தத்தில் தேங்கும். மணியின் உடம்பு அந்தச் சோதனையைத் தானே நடத்திக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பிற்காலத்தில், தைராய்டைத் தொடாமலேயே, ஹைட்ரஜன் ஏற்றிய தேங்காய் எண்ணெயையும் ஏராளமான கொலஸ்ட்ராலையும் சேர்த்த செயற்கைத் தீவனத்தால் நாய்களுக்குப் படிவை உண்டாக்கியிருக்கிறார்கள். லினோலெயிக் அமிலம் அறவே அற்ற தீவனம் அது. நாய் எதையும் தாங்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சையும் அதன் பிறகும்

தைராய்டு ஹார்மோனுக்கு ஈடான மாத்திரை லெவோதைராக்சின். ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 0.02 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, வெறும் வயிற்றில். மணிக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை வேளைக்கு ஆறு. மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்தவர் கொடுக்க மறுத்து எனக்குத் தொலைபேசினார்: பெரிய ஆளுக்கே நாளுக்கு ஒன்றுதானே என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. நாயின் குடல் இதை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உறிஞ்சியதையும் உடம்பு விரைவாகக் கழித்துவிடும். மனித அளவு நாய்க்குப் போதாது. நாயின் அளவு மனிதனுக்கு ஆபத்து. வீட்டில் வேறு யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டு, மணியின் டப்பாவைத் தனியாக வைக்கச் சொன்னேன்.

இரண்டாம் வாரம் ஆத்தா தொலைபேசியில் கூப்பிட்டார். “வாசலில் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுகிறான் அம்மிணி. இரண்டு வருஷமாக இதைப் பார்க்கவில்லை.” ஆறாம் வாரம், காலை மாத்திரை கொடுத்து ஐந்து மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தேன். டி4 சரியான வரம்புக்குள், கொலஸ்ட்ரால் 301. ஆவணியில் 228, எடை 31. எடை இறங்கியதால் மாத்திரையை ஐந்தாகக் குறைத்தோம். வாலில் முடி நிரம்ப மட்டும் கார்த்திகைவரை ஆனது. பருப்பை மீண்டும் தொடங்கவில்லை, நல்லெண்ணெய் தொடர்கிறது. மறு சித்திரையில் போனபோது வேப்பமரத்தடி ஈரமண்ணில் மூன்று நாய்கள் படுத்திருந்தன.

களத்துக்காரரின் கேள்வி

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பாரமாக இருந்தது நாய் சம்பந்தப்பட்டதே அல்ல. தைராய்டு அறிக்கையை விளக்கிய அன்று களத்துக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் தேங்காய் எண்ணெய் மேல் தப்பே இல்லை என்றுதானே அர்த்தம், டாக்டர்?” என்றார். மணியின் கதையை அச்சடித்துத் தன் கடையில் ஒட்டலாமா என்றும் கேட்டார். அவர் தினமும் காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்துவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கைப்பேசியில் தன் இரத்த அறிக்கையைக் காட்டினார். எல்.டி.எல் 168.

“அண்ணா, மணிக்குப் பருப்பு காரணம் இல்லை என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம். உங்கள் இரத்தம் நாயின் இரத்தம் இல்லை,” என்றேன். மேலே சொன்ன எச்.டி.எல், எல்.டி.எல் வேறுபாட்டை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். மனிதரில் தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்-ஐயும் உயர்த்துகிறது, எல்.டி.எல்-ஐயும் உயர்த்துகிறது, கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் எல்.டி.எல் கூடுதலாகவே ஏறுகிறது. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கடைகளில் எழுதுவது உண்மை. ஆனால் கொலஸ்ட்ராலைச் செய்வது நம் ஈரல், அதன் போக்கை மாற்றுவது நாம் தின்னும் கொழுப்பு. இதை அவர் தொழிலுக்கு எதிராகச் சொல்லவில்லை. குழம்பில் தாளிப்பதும் குடிப்பதும் ஒன்றல்ல என்று சொன்னேன். மனிதருக்கு மருத்துவம் சொல்வது என் வேலை இல்லை, இதயநோய் மருத்துவரைப் பாருங்கள் என்று அதற்குமேல் நிறுத்திக்கொண்டேன்.

வெகுநேரம் அவர் பேசவில்லை. ஊர் முழுக்கத் தென்னையை நம்பிப் பிழைக்கும் மனிதர். அவர் மனம் எனக்குப் புரிந்தது. கடைசியில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மருத்துவரைப் பார்த்தார், எண்ணெய் குடிப்பதை நிறுத்தினார், காலையில் நடக்கத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து எல்.டி.எல் 139. எண்ணெயால் எவ்வளவு, நடையால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கடையில் மணியைப் பற்றி எதுவும் ஒட்டவில்லை.

மாற்றிக்கொண்டது

நாயின் கொலஸ்ட்ரால் 500-ஐத் தாண்டினால் இப்போது உணவைக் கேட்பதற்கு முன்பே தைராய்டு, சர்க்கரை, அட்ரீனல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடுகிறேன். உணவை மாற்றச் சொன்னால் நான்கு வாரத்தில் மறு பரிசோதனை. இறங்காவிட்டால் வீட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் என் கணிப்பைச் சந்தேகிக்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் ஒவ்வொரு சீட்டிலும் லினோலெயிக் அமிலத்துக்கு எந்த எண்ணெய், எத்தனை கரண்டி என்று எழுதுகிறேன்.

புதிதாக வரும் நாய்களுக்கு நிரப்பும் தாளில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: ‘எந்நேரமும் வெயிலில் போய்ப் படுத்துக்கொள்கிறதா?’ அந்தச் சொற்கள் ஆத்தாவுடையவை. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.